மூச்சு டீச்சரின் கோபங்கள்

மூச்சு விடச் சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம் என்றால் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், அதற்குச் சம்பளம் வேறு தருகிறார்களா என்று கேட்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் பிசியோதெரபி படித்துவிட்டு, காஞ்சிபுரத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் மார்பு நோய் வார்டில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபது கட்டில். காசநோய் குணமாகியும் நுரையீரல் நைந்துபோன நெசவாளிகள், சாயப் பட்டறைக்காரர்கள், வாலாஜாபாத் அரிசி மில்லில் வருஷக்கணக்காகத் தூசி தின்றவர்கள், விறகடுப்பை ஊதி ஊதியே மூச்சைத் தொலைத்த பெண்கள். போன மூச்சைத் திரும்பக் கொண்டுவர மருந்து கிடையாது. இருக்கிற மூச்சை வைத்துக்கொண்டு குளிக்க, நடக்க, நாலு படி ஏறப் பழக்குவதுதான் என் வேலை. மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். வயிற்றில் கையை வைத்து அது எழும்பி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் கொடுத்து, தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து, முதுகைத் தட்டிச் சளியை இறக்குவேன். இரண்டு பாட்டில்களை ரப்பர் குழாயால் இணைத்து, ஒன்றில் இருக்கும் தண்ணீரை ஊதியே மற்றதற்கு அனுப்பச் சொல்வேன். என்னிடம் இருந்த சாமான் அவ்வளவுதான்.

பிசியோதெரபிஸ்ட் என்ற சொல் யார் வாயிலும் நுழையவில்லை. மூச்சு டீச்சர் ஆகிவிட்டேன். செய்த வேலை யார் கண்ணுக்கும் தெரியாமல் போகிற உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். என் கோபம் உங்களுக்குப் புரியும்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

பயிற்சிக்கு எனக்குக் கொடுத்த அறை ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்கு அடுத்த அறை. இரண்டுக்கும் நடுவில் கதவில்லாத ஒரு ஜன்னல். காலை பத்து மணிக்கு நான் எட்டுப் பேரை உட்காரவைத்து, "இழுங்க, ஒண்ணு, ரெண்டு, விடுங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று ஆரம்பிக்கவும், அந்தப் பக்கம் ஈர விறகைப் பற்றவைக்கவும் சரியாக இருக்கும். புகை ஜன்னல் வழியாக வந்து எங்களோடு உட்காரும். ஒருவர் இரும ஆரம்பித்தால் எட்டுப் பேரும் இருமுவார்கள். ஒரு மணி நேரத்தில் நான் சேர்த்துக்கொடுத்ததைப் பத்து நிமிஷத்தில் அந்த அடுப்பு பிடுங்கிக்கொள்ளும். நிர்வாகியிடம் மூன்று முறை எழுதிக்கொடுத்தேன். ஜன்னலுக்கு ஒரு கோணியைத் தொங்கவிட்டார்கள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கோணியை விலக்கி, சமையல்கார அம்மாளைத் திட்டத் தலையை நீட்டினேன். முனியம்மாள் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் ஓரமாக, ஒரு கையை வயிற்றில் வைத்து உதட்டைக் குவித்து நின்றிருந்தாள். கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் புடைத்துப் புடைத்து அடங்கியது. உள்ளே நான் உட்காரவைத்திருந்த எட்டுப் பேரைவிட அவளுக்குத்தான் நோய் முற்றியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள்: "கோச்சுக்காதீங்கம்மா. நீங்க அவங்களுக்குச் சொல்றத கேட்டுக்கினுதான் நானும் மூச்சு வுட்டுக்கினு இருக்கேன்."

இருபது பேருக்குக் கஞ்சி

முனியம்மாளை வார்டில் சேர்க்க வேண்டும் என்று பெரிய டாக்டரிடம் போனேன். அவர் அவளைப் பரிசோதித்துவிட்டு, சேர்க்க வேண்டியதுதான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். நிர்வாகி அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவள் படுத்துக்கொண்டால் இருபது பேருக்குக் கஞ்சி காய்ச்சுவது யார் என்பது அவர் கேள்வி. நானும் தினம் போய்ச் சீட்டைக் கேட்டேன். அவரும் தினம் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

வார்டில் ஏழுமலை என்று ஒரு நெசவாளி இருந்தார். முப்பத்தைந்து வயது. காசநோய்க்கு ஊசி போட்டு முடித்து, வலது நுரையீரலின் மேல்பாதி சுருங்கிப்போய் என்னிடம் வந்தவர். பேசுவது குறைவு. சீட்டு விஷயத்தை அவரிடம் யார் சொன்னார்களோ, ஒரு திங்கட்கிழமை காலை கஞ்சி வாளி வந்ததும் தன் தட்டைக் கவிழ்த்துவைத்தார். அடுத்த கட்டில்காரர் கவிழ்த்தார். பத்து நிமிஷத்தில் இருபது தட்டும் கவிழ்ந்தன. நிர்வாகி ஓடி வந்தார். அவர்கள் சத்தம் போட்டார்கள். ஒரு வாக்கியத்தை ஒருவர் ஆரம்பித்து, மூச்சு தீர்ந்ததும் அடுத்தவர் எடுத்துக்கொண்டு, இருபது பேரும் சேர்ந்து ஒரு ஆளாகப் பேசினார்கள். அடுப்பு வெளியே போக வேண்டும், அந்த அம்மா கட்டிலுக்கு வர வேண்டும். மதியமும் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் பின்கட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு அடுப்பை அங்கே கொண்டுபோனார்கள். முனியம்மாளுக்கு மூன்று வாரம் கூடுதலாக ஒரு கட்டில் கிடைத்தது. அவள் தங்கை வந்து சமைத்தாள். கட்டிலை விட்டு இறங்கியபிறகு முனியம்மாள் அடுப்புப் பக்கமே போகவில்லை. காய் நறுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டாள். எல்லாம் முடிந்தபின் நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, தான் ஏமாற்றப்பட்டவர்போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "இவங்களுக்கெல்லாம் மூச்சே வராதுன்னு எழுதிக் குடுத்தீங்க. கத்தறப்போ நல்லாத்தானேம்மா வருது."

முதுகு தட்டுதல்

இது சின்ன விஷயம். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சளி இறங்குவதற்காக நான் நோயாளிகளின் முதுகைத் தட்டுவதை, சுற்றிப்பார்க்க வந்த தர்மகர்த்தா ஒருவர் கதவருகே நின்று வெகுநேரம் கவனித்தார். வேலையின் அருமை தெரிந்தவர் ஒருவராவது வந்தாரே என்று நானும் உற்சாகமாக விளக்கினேன். உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு தட்ட வேண்டும், விலா எலும்பின் மேல்தான் தட்ட வேண்டும், முதுகெலும்பில் படக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அடுத்த வாரம் ஒரு நாள் நேராக என் அறைக்கு வந்தார். வெளியே ஏழு பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். மேல்துண்டை எடுத்து மடித்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டார். மூச்சு இரைக்கிறதா, சளி வருகிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நேத்து ரொம்ப நேரம் கார்ல உக்காந்துட்டேன், கொஞ்சம் தட்டி வுடுங்க, போறேன்."

கல்யாணச் சேலை

ஏழுமலை எட்டு மாதம் என்னிடம் பயிற்சி செய்தார். முதல் நாள் அவரால் மூன்று படி ஏற முடியவில்லை. பிறகு ஐந்து, பத்து, மாடி வரைக்கும். தறியில் உட்கார வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. நெசவு எனக்குத் தெரியாது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து காற்றிலேயே நெய்து காட்டினார். நான் மூச்சை அதில் பொருத்தினேன். ஊடை நூலோடு நாடா குறுக்கே ஓடும்போது மூச்சை இழுக்க வேண்டும், நூலை நெருக்கப் பலகையை இழுத்து அடிக்கும்போது விட வேண்டும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வெறும் கையால் நெய்ததைப் பார்த்து வார்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் தறியில் பழைய பாவு நூலைப் போட்டுப் பழகி, ஒரு முழுக் காலை மூச்சு முட்டாமல் நெய்தேன் என்று வந்து சொன்ன அன்றைக்குத்தான் அவர் பல் வரிசையை நான் பார்த்தேன்.

ஆனால் அவருடைய முதலாளி பட்டுப் பாவு தர மறுத்துவிட்டார். கிருமி போய்விட்டது, யாருக்கும் தொற்றாது என்று பெரிய டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு நானே அந்த முதலாளி வீட்டுக்குப் போனேன். மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தாள். சீட்டை இரண்டு தரம் படித்தார். "எனக்கு நம்பிக்கை இருக்குதும்மா. வாங்கறவங்களுக்கு இருக்கணுமே. கல்யாணத்துக்குச் சேலை எடுக்கறவங்க, இது யார் நெய்ஞ்சதுன்னு கேட்டுக்கினு வர்றாங்க. தெரு பூரா அவனுக்கு என்ன நோவுன்னு தெரியும்" என்றார். எட்டு மாத உழைப்பு, அந்த மனுஷனின் இரண்டு பிள்ளைகள், மருந்தின் சக்தி, எல்லாவற்றையும் பற்றிச் சத்தமாகவே பேசினேன். காப்பியில் ஆடை படிந்தது.

ஏழுமலை கடைசியில் வேறு ஊரில், தன் பெயர் தெரியாத ஒருவரிடம், பருத்தி வேட்டி நெய்யப் போனார். அவர் கையில் இருந்த பட்டு வேலையை இந்த ஊர் இழந்தது. அன்று அந்த முதலாளி என் சீட்டை மடித்துத் திருப்பித் தந்துகொண்டே கேட்டார்: "இதை முந்தானையில ஒட்டியா விக்கறது, சொல்லுங்க?"

இரண்டு சிலிண்டர்

வார்டில் ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டே இரண்டு. கன்னியப்பன் என்பவர் வாலாஜாபாத் அரிசி மில்லில் இருபது வருஷம் உமித் தூசியில் நின்றவர். மழைக்காலத்தில் சளி கட்டிக்கொண்டு, உதடு நீலம் பாரித்து வந்து சேர்ந்தார். ஒரு சிலிண்டர் காலியாகி நிரப்பப் போயிருந்தது. இருந்த ஒன்றை அவருக்குக் குறைந்த அளவில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு, இரண்டு ஆட்கள் வந்து குழாயைக் கழற்றிச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்குக் கட்டிடம் கட்டித் தந்தவரின் மைத்துனருக்குப் படபடப்பாம். ஸ்பெஷல் ரூமுக்கு வேண்டுமாம். நிர்வாகியின் உத்தரவு. பெரிய டாக்டர் அன்றைக்கு ஊரில் இல்லை.

கன்னியப்பன் என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது. அவரை உட்காரவைத்து, மடியில் இரண்டு தலையணையைக் கொடுத்து முன்னால் சாய்த்து, எதிரே உட்கார்ந்தேன். "என்னைப் பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க. நான் வுடறப்போ வுடுங்க" என்றேன். நான் உதட்டைக் குவித்தேன், அவர் குவித்தார். அவருக்கு அவசரம் வந்து மேல்மூச்சு வாங்கும்போதெல்லாம் தோளை அழுத்தி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. வார்டு ஆயாவை ஸ்பெஷல் ரூமுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். மைத்துனர் தூங்குகிறார், முகமூடி பக்கத்து மேஜை மேல் கிடக்கிறது என்று வந்து சொன்னாள். கன்னியப்பன் கையை அவர் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, நானும் ஆயாவும் போய் அந்தச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தோம். வழியில் நிர்வாகி குறுக்கே நின்றார். நான் நிற்காததால் அவர்தான் விலக வேண்டியிருந்தது.

அதற்காக எனக்கு ஒரு மெமோ வந்தது. சொந்தப் பொறுப்பில் ஆஸ்பத்திரிச் சொத்தை இடம் மாற்றினேனாம். பதில் எழுதினேன், என்ன எழுதினேன் என்பது இங்கே அச்சிடத் தக்கதல்ல. கன்னியப்பன் பிழைத்து, பன்னிரண்டாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். சிலிண்டர் வந்து அவர் உதட்டு நிறம் திரும்பிய அன்று மதியம், அவர் முதலில் பேசியது இதுதான்: "எனக்கும் சேத்து நீங்களே வுட்டுக்கினு இருந்தீங்க. போய்க் கொஞ்சம் உக்காருங்கம்மா."

மில்லுக்கு ஒரு யோசனை

கன்னியப்பனை மறுபடி தூசியில் நிற்கவைக்கக் கூடாது என்று சொல்ல வாலாஜாபாத் மில்லுக்குப் போனேன். உள்ளே காலை வைத்ததும் எனக்கே தொண்டை அடைத்தது. வெயில் பட்ட இடமெல்லாம் தூசி மிதந்தது. நாற்பது பேர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதற்குள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தூசியை வெளியே இழுக்க மின்விசிறி வைக்கலாம், உமி கொட்டும் இடத்தைத் தகரம் வைத்து மூடலாம், வாயில் கட்டிக்கொள்ள ஈரத்துணி தரலாம் என்று வரிசையாகச் சொன்னேன். மில்காரர் நல்ல மனிதர் மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கன்னியப்பனை வாசல் காவலுக்கு மாற்றவும் சம்மதித்தார். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். எழுந்து கும்பிடும்போது, தனக்குத் தோன்றிய யோசனையில் அவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை: "ஃபேன் கீனெல்லாம் எதுக்கும்மா, நீங்களே வாரத்துக்கு ஒரு நாள் வந்து நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இந்த ஊதற எக்சர்சைஸ் குடுத்துடுங்க."

தளிகை அடுப்பு

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டுக்கு வாரம் ஒரு முறை போவேன். அவர் மனைவி வேதவல்லி மாமிக்கு மூச்சிரைப்பு. வாத்தியார் நான் சொன்ன பயிற்சிகளை ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி, மாமி எத்தனை தடவை செய்தார் என்று தினம் குறித்துவைப்பார். அவ்வளவு ஒழுங்கான குடும்பத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் மாமிக்கு ஒன்றும் குறையவில்லை. காரணம் சமையலறையில் இருந்தது. ஜன்னல் இல்லை. விறகடுப்பு. மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்குங்கள் என்றால் வாத்தியார் நோட்டை மூடிவிடுவார். ஸ்டவ்வில் செய்த தளிகையை, அதாவது சமையலை, பெருமாளுக்குப் படைத்து அமுது செய்யப்பண்ண முடியாதாம். "பெருமாளுக்குப் புகை பழகிடுத்தும்மா. எனக்குத்தான் இன்னும் பழகலை" என்று மாமி என்னிடம் மெல்லிய குரலில் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் நான் வாத்தியாரிடம், "இன்னிக்குப் பயிற்சி உங்களுக்குத்தான் மாமா. தளிகை முடியற வரைக்கும் மாமி பக்கத்துல உக்காருங்க. எத்தனை தடவை இருமினேள்னு நான் நோட்டுல குறிச்சுக்கறேன்" என்றேன். மனிதர் நேர்மையானவர், உள்ளே போய் மணையைப் போட்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கண்ணில் நீர் வழிய, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெருமாள் தப்பா எடுத்துக்கமாட்டார்னு நினைக்கறேன்" என்றார். உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது: "அவர் கோவிச்சுண்டா நான் பதில் சொல்லிக்கறேன், நீங்க முதல்ல போய் ஸ்டவ்வை வாங்கிண்டு வாங்கோ."

ஐந்து வாரம் வராதவர்

இதுவரை பிறர்மேல் வந்த கோபத்தைச் சொன்னேன். இது என்மேல் வந்த கோபம். திருப்புட்குழியிலிருந்து கோவிந்தன் என்று ஒருவர், சாயப் பட்டறையில் அமிலப் புகையில் நின்று நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர், செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்தார். வகுப்பு பத்திலிருந்து பதினொன்று வரை. ஐந்து வாரம் அவர் தலை தெரியவில்லை. தாமதமாக வந்தால் உள்ளே விடுவதில்லை, தொடர்ந்து வராவிட்டால் பெயரை அடித்துவிடுவேன் என்பது என் சட்டம். அவர் பெயரை அடித்து, அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தேன். அன்று பாட்டிலுக்குப் புது ரப்பர் குழாய் மாட்டுவதற்காக, வகுப்பு முடிந்தும் நான் போகாமல் உள்ளே இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு வெளிப்படியில் யாரோ ஒன்று, இரண்டு என்று எண்ணுவது கேட்டது. எட்டிப் பார்த்தால் கோவிந்தன். "அஞ்சு வாரமா எங்க போயிருந்தீங்க? சோம்பேறித்தனத்துக்கு இங்க மருந்து கிடையாது" என்று வெளியே இருந்த எல்லோரும் கேட்கத் திட்டினேன். அவர் பதில் சொல்லவில்லை. அது திமிர் என்று நினைத்து இன்னும் நாலு வார்த்தை சொன்னேன். பேசுவதற்கான மூச்சை அவர் சேர்த்துக்கொண்டிருந்தார் என்பது, இதையே தொழிலாகப் படித்த எனக்குத் தெரியவில்லை.

வாட்ச்மேன்தான் குறுக்கே வந்து சொன்னார். கோவிந்தன் வாராவாரம் வருகிறார். பத்து மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்குகிறார். நல்ல ஆள் பத்து நிமிஷத்தில் நடக்கிற தூரத்தை உட்கார்ந்து உட்கார்ந்து கடந்து வருவதற்குள், நான் பூட்டிக்கொண்டு போய்விடுகிறேன். படியிலேயே உட்கார்ந்து பெயர் கொடுத்த அன்று நான் சொல்லிக்கொடுத்ததைச் செய்துவிட்டு, மறுபடி அதேபோல பஸ்ஸுக்குத் திரும்புகிறார். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கோவிந்தனைக் கேட்டேன். "லேட்டா வந்தா உள்ள வுட மாட்டீங்கன்னு சொன்னாங்கம்மா" என்றார்.

அவர் பெயரைத் திரும்ப எழுதினேன். செவ்வாய்க்கிழமை வகுப்பைப் பன்னிரண்டு மணிக்கு மாற்றினேன். ஒருவர் முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று அவரோடு பஸ் நிற்கிற இடம்வரை நடந்தேன். எந்தக் கடை வாசலில் உட்கார்ந்தால் விரட்டமாட்டார்கள், எந்த மதிலில் நிழல் இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். ஒன்பது இடத்தில் உட்கார்ந்தோம். எனக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து, என்னை அறியாமல் அவரை விட்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தேன். ஏழாவது இடத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து கூப்பிட்டார்: "மெதுவா போங்கம்மா, உங்களுக்கும் மூச்சு வாங்கப்போவுது."

பன்னிரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் மூச்சை மெதுவாக விடச் சொல்லிக்கொடுத்த எனக்கு, அந்த வேலையில் ஒரு நாளாவது அப்படி மூச்சு விட்டதாக நினைவில்லை.